கருவுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே சமிக்ஞை: டோல் பாதை, முதல் முறை படிப்பவர்களுக்கு

மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் ஒருவர் இதுவரை வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் புதிதாக வருகிறவருக்குக் கொஞ்சம் தலை சுற்றும். முதலில் பழ ஈயின் முட்டை, கரு, முதுகு எது வயிறு எது என்று போகும். அப்புறம் திடீரென்று பாக்டீரியா, பூஞ்சை, நோயெதிர்ப்பு. அதற்கும் பிறகு எலிக் கரு, நரம்புக்குழாய், விரல்கள். இவர் என்ன, எதிலும் நிலைக்காமல் துறை மாறிக்கொண்டே இருந்தாரா என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல் எப்படி வாங்குகிறது, உள்ளே எப்படிக் கடத்துகிறது, கடைசியில் எந்த மரபணுவை இயக்குவது என்று எப்படி முடிவாகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் விடாமல் துரத்தியிருப்பார். அந்தக் கேள்விக்கான விடை கருவிலும் இருக்கிறது, காய்ச்சலிலும் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க உயிரியலாளர் கேத்ரின் ஆண்டர்சன். 2020இல் காலமானார். ஜெர்மனியின் டியூபிங்கனில் பழ ஈக் கருவில் தொடங்கி, பெர்க்லியில் ஈயின் நோயெதிர்ப்புக்கு வந்து, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் எலிக் கருவுக்குப் போனவர். அவருடைய பட்டியலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சமிக்ஞைப் பாதையைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அதன் பெயர் டோல். ஆகவே இங்கே டோல் கதைதான் பெரும்பாலும், மற்றவை போகிற போக்கில்.

முதலில் அடிப்படை. செல்லுக்குக் கண்ணும் காதும் கிடையாது. அதன் மேல்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் சில புரதங்கள்தான் அதற்கு வெளியுலகத் தொடர்பு. இவற்றை ஏற்பிகள் என்கிறோம். வெளியே மிதந்து வரும் ஒரு மூலக்கூறு ஏற்பியின் வெளிப்பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. ஒட்டியதும் ஏற்பியின் வடிவமோ சேர்க்கையோ மாறுகிறது, அந்த மாற்றம் சவ்வின் உள்பக்கத்தில் இருக்கும் வாலிலும் தெரிகிறது. அந்த வாலில் வேறு புரதங்கள் வந்து கூடுகின்றன, அவை இன்னொன்றைத் தூண்டுகின்றன, அது மற்றொன்றை. கடைசியில் ஒரு புரதம் உட்கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து சில மரபணுக்களை இயக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. இந்த முழு வரிசைக்குத்தான் சமிக்ஞைப் பாதை என்று பெயர்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. சமிக்ஞையில் 'நரம்பாகு', 'கிருமியைக் கொல்' என்ற கட்டளை எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஒரே மாதிரி சுவிட்ச் ஒரு அறையில் விளக்கைப் போடும், இன்னொரு அறையில் விசிறியைச் சுற்றும். வித்தியாசம் சுவிட்சில் இல்லை, அதற்குப் பின்னால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதில்தான். செல்லிலும் அதே கதைதான். எந்த மரபணுக்கள் ஏற்கெனவே திறக்கத் தயாராக இருக்கின்றன என்பது செல்லுக்குச் செல் மாறும், அதனால் ஒரே சமிக்ஞைக்கு வெவ்வேறு பதில் கிடைக்கும்.

சரி, ஈக்கு வருவோம்.

பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். இதமான சூட்டில் வைத்தால் ஒரே நாளில் அதிலிருந்து புழு வெளியே வந்துவிடும். இவ்வளவு வேகத்துக்குக் காரணம், கருவின் ஆரம்ப மணிநேரங்களுக்குத் தேவையான சாமான்களை எல்லாம் தாய் ஈ முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடுகிறது. இதனால் ஒரு விசித்திரம் நடக்கும்: சில மரபணுக்கள் பழுதான தாய் ஈ பார்க்க நன்றாகவே இருக்கும், பறக்கும், முட்டையிடும், ஆனால் அந்த முட்டைகளில் ஒரு கரு கூடப் பிழைக்காது. 1970களின் இறுதியில் ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஈக்களில் கண்டபடி மரபணு மாற்றங்களை உண்டாக்கி, எது பழுதானால் கருவின் உருவம் எப்படிக் கெடுகிறது என்று ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1980இல் வந்த அந்தக் கட்டுரைதான் இன்றைய கருவியலின் அடித்தளம் என்று சொல்லலாம்; 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே முறையைத் தாய்வழி மரபணுக்களுக்கும் நீட்டியபோது, முதுகு-வயிறு அச்சைத் தீர்மானிக்கும் ஒரு கூட்டம் மாட்டியது. பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். இவற்றில் எது பழுதானாலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: கருவுக்கு வயிறே இருக்காது, சுற்றிலும் முதுகுத் தோல் மட்டும் உள்ள வெறும் குழாய்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் டியூபிங்கன் ஆய்வகத்தில் ஆண்டர்சன் செய்தது, 1985இல் வெளிவந்தது. ஈக் கருவில் ஆரம்பத்தில் செல் சுவர் போல எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே பொதுவான திரவத்தில் மிதக்கும். ஆகவே நல்ல கருவிலிருந்து கொஞ்சம் திரவத்தை நுண்ணூசியால் உறிஞ்சி, பழுதான கருவில் செலுத்திப் பார்க்கலாம். மற்ற மரபணுக்கள் பலவற்றில், அப்படிச் செலுத்தினால் வயிறு மீண்டும் வந்தது, ஆனால் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. கரு எந்தப் பக்கம் கீழ் என்பதை மறக்கவில்லை. டோல் பழுதான கருவில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. ஊசி குத்திய இடம் எதுவோ அதுவே வயிறு! முட்டையின் மேற்புறத்தில் குத்தினால் மேற்புறம் வயிறாகி, எதிர்ப்புறம் முதுகாகிவிட்டது.

இதை முதலில் கேட்டால், டோல்தான் வயிற்றுப்பக்கத்தில் மட்டும் இருக்கும் அடையாளப் பொருள் போலிருக்கிறது என்று நினைப்போம். அதுதான் இல்லை. ஆண்டர்சன் பெர்க்லிக்குப் போன பிறகு 1988இல் டோல் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, அது சவ்வைத் துளைத்து நிற்கும் ஓர் ஏற்பி என்று தெரிந்தது. அந்த ஏற்பி கருவைச் சுற்றிலும், முதுகு வயிறு என்ற பேதமில்லாமல், எல்லாப் பக்கமும் இருக்கிறது. வயிற்றுப்பக்கத்தில் மட்டும் உருவாவது அதில் வந்து ஒட்டும் மூலக்கூறு, ஸ்பேட்ஸ்லே. முட்டை ஓட்டுக்கும் கருவின் சவ்வுக்கும் நடுவே மெல்லிய திரவ அடுக்கு ஒன்று உண்டு. அதில் ஸ்பேட்ஸ்லே செயலற்ற நிலையில் எங்கும் இருக்கும். வயிற்றுப்பக்கம் மட்டும் சில நொதிகள் அதை வெட்டி முடுக்கிவிடும். வெட்டப்பட்டது தூரம் போகாமல் அருகில் இருக்கும் டோல் உடனே பிடித்துக்கொள்ளும். டோலே இல்லாத கருவில் பிடிக்க ஆள் இல்லை, அது சுற்றிலும் பரவித் திரியும். ஊசி குத்திய இடத்தில் புதிதாக டோல் முளைத்ததும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஊசி குத்திய இடம் வயிறானதன் ரகசியம் இவ்வளவுதான். ஏற்பி எங்கும் இருக்கிறது, செய்தி மட்டும் ஓர் இடத்தில் வருகிறது: இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நோயெதிர்ப்பில் இது அப்படியே திரும்ப வரும்.

டோல் தூண்டப்பட்டதும் உள்ளே என்ன ஆகிறது? டார்சல் என்ற புரதம் செல் திரவத்தில் காக்டஸ் என்ற இன்னொரு புரதத்தின் பிடியில் சும்மா கிடக்கும். டோலிலிருந்து செய்தி டியூப், பெல்லே என்ற இரண்டு இடைநிலைப் புரதங்கள் வழியாக வந்து சேர்ந்ததும் காக்டஸ் அழிக்கப்படும், டார்சல் விடுபட்டு உட்கருவுக்குள் ஓடும். வயிற்றின் நடுவில் நிறைய நுழையும், பக்கவாட்டில் கொஞ்சம், முதுகில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நிறைய நுழைந்த இடம் தசையாகும், கொஞ்சம் நுழைந்த இடம் நரம்புக்குப் போகும், நுழையாத இடம் முதுகுத் தோல். (டார்சல் என்றால் முதுகு, ஆனால் அதன் வேலை வயிறு உண்டாக்குவது. ஈ மரபியலில் மரபணுவுக்குப் பெயர் வைப்பது அது கெட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாடப்புத்தகம் படித்தால் எல்லாம் தலைகீழாகப் புரியும்.)

இதுவரை சொன்னது முழுக்கக் கருவியல். இதில் நோயெதிர்ப்பு எங்கே வந்தது?

வேறொரு பக்கத்தில், ஈயைப் பற்றிக் கவலையே படாத ஆட்கள் வேறு வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் நம் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தயாரிக்கும் பி செல்களில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். எதிர்ப்புப்பொருளின் மரபணு ஒன்றுக்கு அருகே போய் ஒட்டும் அந்தப் புரதத்துக்கு என்எஃப்-கப்பா-பி என்று பெயர். கொஞ்ச நாளில் அது பி செல்லுக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்று தெரிந்தது. பல செல்களில் அது ஒரு தடுப்புப் புரதத்தின் பிடியில் உட்கருவுக்கு வெளியே காத்திருக்கும். தூண்டல் வந்ததும் தடுப்பு அழிந்து உள்ளே ஓடும். டார்சல், காக்டஸ் கதையை இப்போதுதான் படித்தீர்கள். அதே கதை.

கதை மட்டுமல்ல, புரதங்களும் உறவுதான். 1987இல் ரூத் ஸ்டூவர்ட் டார்சலின் வரிசையைப் படித்து, அது ரெல் என்ற புற்றுநோய் தொடர்பான மரபணுவின் சொந்தம் என்று காட்டினார். 1990இல் என்எஃப்-கப்பா-பியும் அதே குடும்பம் என்று தெரிந்தது. 1991இல் நிக் கேயும் ஃபியோனா கீத்தும் டோல் ஏற்பியின் உள்வாலை மனிதனின் இன்டர்லூக்கின்-1 ஏற்பியின் உள்வாலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே வார்ப்பு என்றார்கள். இன்டர்லூக்கின்-1 என்பது நமக்குக் காய்ச்சலை உண்டாக்கும் பொருட்களில் ஒன்று. ஆக ஈக் கருவின் வயிறும் மனிதனின் காய்ச்சலும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி புரதங்களால் நடக்கின்றன. இன்று பார்த்தால் அடுத்த அடி என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும், ஆனால் அந்த அடியை வைக்க இன்னும் ஐந்து வருடம் ஆனது.

பூச்சிகளுக்கு எதிர்ப்புப்பொருளும் கிடையாது, கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கும் வெள்ளணு வகையான டி செல்லும் கிடையாது. இருந்தும் அழுகிய பழத்தில் வாழும் ஈ எப்படிப் பிழைக்கிறது? 1981இல் ஸ்வீடனில் ஹான்ஸ் போமனின் குழு ஒரு பெரிய பட்டுப்பூச்சியின் ரத்தத்திலிருந்து செக்ரோபின் என்ற சிறு புரதத்தைப் பிரித்தது. பாக்டீரியாவின் சவ்வை ஓட்டையாக்கிக் கொல்லும் ஆயுதம் அது. அப்புறம் ஈக்களிலும் இத்தகைய ஆயுதங்கள் வரிசையாகக் கிடைத்தன. அவற்றின் மரபணுக்களுக்கு முன்னால் என்எஃப்-கப்பா-பி ஒட்டும் இடங்களைப் போலவே டிஎன்ஏ வரிசை இருந்தது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புருனோ லெமேத்தர் குழுவினர், கருவியல்காரர்கள் வளர்த்து வைத்திருந்த அதே பழுதான ஈக்களை வாங்கி, நோய்க்கிருமி கொடுத்துப் பார்த்தார்கள். டோல் பழுதான ஈக்கள் ஆஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சைக்குச் சில நாட்களிலேயே பலியாயின. செத்த ஈயின் உடல் முழுக்கப் பூஞ்சை இழைகள் மண்டிக் கிடக்கும் மின்நுண்ணோக்கிப் படம் ஒன்று அந்த 1996 கட்டுரையில் உண்டு, ஒரு முறை பார்த்தால் மறக்காது. பூஞ்சையைக் கொல்லும் ட்ரோசோமைசின் என்ற ஆயுதத்தை அந்த ஈக்களால் சரியாகத் தயாரிக்க முடியவில்லை.

கருவில் வயிறு செய்த பாதையே வளர்ந்த ஈயில் பூஞ்சையை எதிர்க்கிறது. ஏற்பி எப்போதும் இருக்கிறது. ஸ்பேட்ஸ்லேயும் ரத்தத்தில் செயலற்றுச் சுற்றுகிறது. கிருமி வந்ததும் வேறு நொதிகள் அதை வெட்டுகின்றன. கருவில் வெட்டும் நொதிகளைத் தாயின் சினைப்பைச் செல்கள் விட்டுச்சென்ற அடையாளம் தூண்டுகிறது, இங்கே பூஞ்சையின் சுவரையோ பாக்டீரியாவின் சுவரையோ இனம் கண்ட புரதங்கள் தூண்டுகின்றன. முன்பகுதி மட்டும் வேறு, நடுப்பகுதி அதேதான். முடிவில் இயங்கும் மரபணுக்களும் வேறு. உட்கருவுக்குள் போகும் ஆளும் கொஞ்சம் மாறுகிறது. வளர்ந்த ஈயில் டார்சலின் உறவுக்காரனான டிஃப் என்ற புரதத்துக்குத்தான் முக்கிய வேலை. எல்லாக் கிருமிக்கும் டோல் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராம்-நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவுக்கு ஈயிடம் இம்ட் என்ற தனிப் பாதை இருக்கிறது. அதில் பாக்டீரியாவை முதலில் அடையாளம் காணும் புரதங்களில் ஒன்றைப் பற்றிய 2002 கட்டுரையில் மறுபடியும் ஆண்டர்சன் பெயர் வரும்.

இப்போது மனிதனுக்கு வருவோம், இங்கேதான் மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது.

நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள் வெகு காலம் பி செல், டி செல் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவை புதிய கிருமியைக் கற்றுக்கொள்ளும், நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் தயாராக நாட்கள் பிடிக்கும். அதற்கு முன்பே, முதல் சில மணிநேரத்தில் வேலையைத் தொடங்கும் பிறவி நோயெதிர்ப்பை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் ஓர் உறுத்தல் இருந்தது. சுத்தமான புரதத்தை மட்டும் ஊசி போட்டால் எதிர்ப்பு சரியாக வராது. செத்த பாக்டீரியா போன்ற எதையாவது துணைக்குச் சேர்த்தால்தான் வரும். யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே 1989இல் இதை நோயெதிர்ப்பியலாளர்களின் அசிங்கமான சிறு ரகசியம் என்றே எழுதினார். அவருடைய ஊகம் இது: பரிணாமத்தில் பழைய ஏற்பிகள் சில நம்மிடம் இருக்க வேண்டும், அவை கிருமிகளுக்கு மட்டுமே உரிய பொது அம்சங்களைக் கண்டுகொள்ளும், அவை சரி என்று சொன்ன பிறகுதான் டி செல்கள் முழு வேகத்தில் இறங்கும். அப்போது அந்த ஏற்பிகளில் ஒன்றைக் கூட யாரும் பார்த்ததில்லை. வெறும் தர்க்கத்தால் இவ்வளவு தூரம் போனது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்தக் கட்டுரையை மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது படித்த ருஸ்லான் மெட்ஷிடோவ் பிறகு ஜேன்வேயின் ஆய்வகத்துக்கே வந்தார். 1997இல் இருவரும் மனிதனிடம் டோல் போன்ற ஏற்பி ஒன்று இருப்பதையும், அதை இயக்கினால் என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குப் போவதையும், டி செல்லைத் தூண்டத் தேவையான மூலக்கூறுகள் வெளிப்படுவதையும் காட்டினார்கள். ஆனால் அது எதைப் பார்த்து இயங்குகிறது என்று தெரியவில்லை. விடை டல்லஸில் புரூஸ் பாய்ட்லரிடமிருந்து வந்தது. பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ் என்ற நச்சு மிகச் சிறிய அளவிலேயே காய்ச்சலையும், அதிகமானால் உயிரைக் குடிக்கும் அதிர்ச்சியையும் உண்டாக்கும். ஆனால் குறிப்பிட்ட ஓர் எலி வம்சம் மட்டும் இந்த நச்சை எவ்வளவு கொடுத்தாலும் அசையாமல் இருந்தது. வரம் போலத் தோன்றும், ஆனால் அதே எலிகள் உண்மையான சால்மோனெல்லா தொற்றில் எளிதாகச் செத்தன. பாய்ட்லர் குழு வருடக்கணக்கில் தேடி, 1998இல் பழுதைக் கண்டுபிடித்தது: டிஎல்ஆர்4 என்ற டோல் போன்ற ஏற்பியின் உள்வாலில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. 2011 நோபல் பரிசில் பாதி பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் போனது. ஜேன்வே 2003இலேயே இறந்துவிட்டார்.

இங்கே ஆரம்பநிலை வாசகர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஈயின் டோல் கிருமியைத் தொடுவதே இல்லை. அது தொடுவது ஈயே தயாரித்த ஸ்பேட்ஸ்லேயை. நம் டிஎல்ஆர்கள் அப்படி இல்லை, அவை கிருமியின் பொருளை நேரடியாகவே பிடிக்கும். நம்மிடம் இத்தகைய ஏற்பிகள் 10 இருக்கின்றன. டிஎல்ஆர்5 பாக்டீரியாவின் வால் புரதத்தைப் பிடிக்கும். டிஎல்ஆர்3 வைரஸ்கள் பெருகும்போது வரும் இரட்டை இழை ஆர்என்ஏவை, 7ம் 8ம் ஒற்றை இழை ஆர்என்ஏவை, 9 பாக்டீரியா டிஎன்ஏவின் சில வரிசைகளை. இந்தக் கடைசி நான்கும் செல்லின் மேல்சவ்வில் இல்லாமல் செல் விழுங்கியதைச் செரிக்கும் உள்பைகளில் இருக்கின்றன. காரணம் எளிது: டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் நம்மிடமும் உண்டு, எங்கே வேண்டுமானாலும் பிடித்தால் சொந்த உடலையே எதிரியாக நினைத்துவிடும். இது வெறும் பயம் அல்ல. டிஎல்ஆர்7இல் வந்த ஒரு மாற்றம் அதைத் தேவைக்கு மேல் கூர்மையாக்கியதால் ஒரு சிறுமிக்கு, நோயெதிர்ப்பு சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் வந்ததை 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எதிர்ப்புறமும் பார்க்கலாம். ஈயின் பெல்லேவின் குடும்பத்தைச் சேர்ந்த, மனிதனிடம் இருக்கும் ஐராக்4 புரதம் பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்பக் கடும் தொற்றைத் தரும், ஆனால் அவர்களுக்குக் கருவில் உருவக்கேடு எதுவும் வந்திருக்காது. முதுகெலும்பு உயிரிகளில் முதுகு-வயிறு அச்சைப் போடும் வேலை வேறு பாதைகளிடம் இருக்கிறது, நம் டோல் குடும்பம் முழுக்கக் காவல் வேலைக்கு வந்துவிட்டது. இன்னொரு வியப்பு, அந்தக் குழந்தைகள் வளர வளரத் தொற்றுகள் குறைகின்றன. கற்றுக்கொள்ளும் நோயெதிர்ப்பு ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது.

தடுப்பூசியில் இதன் பயனை நேரடியாகப் பார்க்கலாம். கருப்பைவாய்ப் புற்றுக்கு எதிரான செர்வாரிக்ஸ் தடுப்பூசியில் எல்பிஎஸ்ஸின் நச்சுத்தன்மை குறைக்கப்பட்ட வடிவம் சேர்க்கப்பட்டிருக்கிறது, டிஎல்ஆர்4ஐத் தட்டி எழுப்ப. ஹெப்லிசாவ்-பி என்ற மஞ்சள்காமாலைத் தடுப்பூசியில் டிஎல்ஆர்9க்கான டிஎன்ஏ துண்டு. ஜேன்வே சொன்ன ரகசியம் இப்போது தெரிந்தே செய்யும் வடிவமைப்பு. எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் பிரச்சினை நேர்மாறானது: வெளியிலிருந்து செலுத்திய ஆர்என்ஏவை வைரஸ் என்று நினைத்து இந்த ஏற்பிகள் அமளி செய்யும். 2005இல் கத்தலின் கரிகோவும் ட்ரூ வெய்ஸ்மனும் ஆர்என்ஏவின் எழுத்துக்களில் சிறு வேதி மாற்றம் செய்தால் டிஎல்ஆர்கள் அமைதியாகின்றன என்று காட்டினார்கள். 2023 நோபல் அதற்குத்தான். எல்லா முயற்சியும் வெல்லவில்லை. ரத்தத்தில் தொற்று பரவும் செப்சிஸ் நோயாளிகளில் டிஎல்ஆர்4ஐ அடைத்துவிட்டால் உயிர் தப்பும் என்று நம்பி எரிடோரான் என்ற மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள், 2013இல் வந்த முடிவு ஏமாற்றம். மருத்துவமனைக்கு வருவதற்குள் அந்த ஏற்பி தன் வேலையை முடித்துவிட்டிருக்கும் என்பது ஒரு நியாயமான விளக்கம்.

டோல் மட்டும்தான் இப்படி இரட்டை வேலை செய்கிறதா? நிச்சயமாக இல்லை. நாட்ச் என்ற பாதை நூறாண்டுக்கு முன் ஈயின் சிறகு ஓரத்தில் வெட்டு விழுந்ததைப் பார்த்துக் கண்டது. கருவில் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் எது நரம்பாக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதே நாட்ச், நம் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸில் ஒரு முன்னோடிச் செல் டி செல்லாக வேண்டுமா என்று தீர்மானிக்கிறது. 1999இல் எலிகளில் அதை நீக்கியபோது தைமஸில் டி செல்லுக்குப் பதில் பி செல்கள் முளைத்தன. செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதக் குடும்பத்தின் உறுப்பினர் ஒன்று ஈக் கருவில் முதுகை உண்டாக்குகிறது, அதன் உறவான டிஜிஎஃப்-பீட்டா1 இல்லாத எலிக்குட்டிகள் சில வாரங்களில் கட்டுக்கடங்காத அழற்சியில் இறக்கின்றன.

ஆண்டர்சனின் பட்டியலில் மூன்றாவது பகுதியான எலிக் கருவும் இப்படித்தான் பொருந்துகிறது. ஹெட்ஜ்ஹாக் என்ற பாதையும் அந்த 1980 ஈக் கட்டுரையில் வந்ததே. எலியில் அது, மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயில் எந்தச் செல் எந்த நரம்பாகும், கையில் எத்தனை விரல் என்பதை எல்லாம் நிர்ணயிக்கிறது. 2003இல் ஆண்டர்சனின் குழு, இந்தப் பாதை கெட்டுப்போன எலிக் கருக்களைத் தேடிப் பிடித்து, பழுதான மரபணுக்களைப் படித்தபோது, அவை சிலியா என்ற நுண்மயிரைக் கட்டும் புரதங்களுக்கானவை என்று தெரிந்தது. பெரும்பாலான செல்களில் ஒற்றையாக நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மயிரைப் பயனற்ற எச்சம் என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். அதுதான் முதுகெலும்பிகளில் ஹெட்ஜ்ஹாக் செய்தியை வாங்கும் இடம். ஈயில் இந்தப் பாதைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாததால், ஈயை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கவே முடியாது. அப்புறம் 2013இல் இன்னொரு திருப்பம்: சிலியாவே இல்லாத கொல்லி டி செல்களும் இலக்குச் செல்லைக் கொல்லத் தயாராக ஹெட்ஜ்ஹாக் பாதையைப் பயன்படுத்துகின்றன என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி: டோலின் முதல் வேலை எது, உடலைக் கட்டுவதா, கிருமியை விரட்டுவதா? அச்சுப் போடும் வேலை பூச்சிகளிடம்தான் தெளிவாகத் தெரிகிறது, காவல் வேலையோ விலங்குலகில் பரவலாக இருக்கிறது. அதனால் காவல்தான் பழையது, பூச்சிகள் பிறகு அதைக் கருவுக்கு எடுத்துக்கொண்டன என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் கடல் சாமந்தி என்ற மிகப் பழைய வம்ச விலங்கிடம் ஒரே ஒரு டோல் ஏற்பிதான் இருக்கிறது. 2017இல் அதைப் படித்தவர்கள், அந்த ஒன்றே பாக்டீரியாவையும் உணர்கிறது, அதைக் குறைத்தால் கருவின் வளர்ச்சியும் கெடுகிறது என்று கண்டார்கள். இரண்டு வேலையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற வாய்ப்பை அதனால் இன்னும் தள்ளிவிட முடியவில்லை.